கயிற்றால் வராது

வடமராட்சி கிழக்கு,
வைகாசி மாதம்.

அன்பு மகள் தனுஷிகாவுக்கு,

நீயும் மருமகன் பிரவீணனும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் நோர்வேயில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மாளாச்சியிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் உனக்கு நான் எழுதும் முதல் கடிதத்தில் பொய் இருக்கக்கூடாது என்று நினைத்து, இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். ஓம் மகள், இது என் கைதான், யாரையும் பிடித்து எழுதுவிக்கவில்லை. முன்பள்ளி ரீச்சர் சாருஜா சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் வயதானவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கிறாள், சின்னப்பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட இருந்து படித்தேன். போன மாதம் பஸ்ஸின் நெற்றியில் கொடிகாமம் என்று எழுதியிருந்ததை நானே வாசித்து ஏறினேன். ஏறியபிறகு இது எங்கே போகிறது என்று ஒருவரிடமும் கேட்காமல் யன்னலோரம் இருந்தேன் பார், அந்தச் சந்தோசத்தில் இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டேன். அம்மாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, நல்லெண்ணெய் பூசுகிறாள். நீ அனுப்பிய கம்பளிப் போர்வையை இந்த வெயிலிலும் மடித்து மடித்துப் பார்த்து வைக்கிறாள்.

போனில் கதைக்கலாமே, ஏன் கடிதம் என்று நீ கேட்பாய். அந்தப் போனின் சத்தத்தை வெளியே விடாமல் பிடிக்க எனக்கு இன்னும் தெரியாது. நீ அங்கே கதைத்தால் இங்கே அடுப்படியில் அம்மாவுக்கும் கேட்கும், வேலிக்கு அந்தப்பக்கம் நிற்பவர்களுக்கும் கேட்கும். போன முறை நீ சொன்னது உன் தம்பி கோகுலனுக்கும் கேட்டது. ஆடியில் பிள்ளைகளோடு வரேக்கை கோகுலன் வீட்டிலை இல்லாமல் இருந்தால் நல்லது அப்பா, ஒரு மாதம் வேறை எங்கையாவது நிக்கட்டும், சின்னப்பிள்ளையள், எனக்குப் பயமாய்க் கிடக்கு என்று சொன்னாய். அழுதுகொண்டுதான் சொன்னாய், அது எனக்குத் தெரியும். அந்த நேரம் அவன் உங்களுக்கென்று ஒதுக்கிய அறையின் யன்னலுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டு நின்றான். கையை நிறுத்தவில்லை. அடித்து முடித்து, கை கழுவி, அம்மாவிடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்தான். அடுத்த நாள் பார்த்தால் கடற்கரையில் வலை வைக்கும் பழைய வாடிக் கொட்டிலின் கூரைக்குக் கிடுகு கட்டுகிறான். என்னடா என்று கேட்டேன். அக்கா வரேக்கை நான் இஞ்சை படுப்பன் அப்பா, நல்ல காத்து வரும் என்றான். அதோடு கிளினிக்கில் கொடுத்த மருந்துக் குளிசை போடுவதையும் விட்டுவிட்டான். அம்மாதான் கண்டுபிடித்தாள், தலையணைக்குக் கீழே போத்தல் குறையாமல் கிடந்தது. இதை உனக்கு எழுதுவதா விடுவதா என்று கனக்க யோசித்தேன். பழி போட எழுதவில்லை மகள். உன் சொல் எவ்வளவு தூரம் போய் விழுந்தது என்று உனக்குத் தெரியவேண்டும், அதற்காக எழுதுகிறேன். இப்போது மறுபடியும் போடுகிறான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

அவனுக்கு எச்.ஐ.வி என்று நான் சொன்ன அன்றைக்கு நீ ஐயோ என்று போனை வைத்துவிட்டாய், மிச்சம் கேட்கவில்லை. அரபு நாட்டில் வேலைக் கடதாசி புதுப்பிக்க இரத்தம் எடுத்தவர்கள், பிறகு ஒரு அறையில் பூட்டிவைத்து, ஏன் என்று ஒரு சொல் சொல்லாமல் பிளேனில் ஏற்றிவிட்டார்கள். கொழும்பில் மறுபடி பார்த்தபிறகுதான் அவனுக்கே காரணம் தெரிந்தது. எப்படி வந்தது என்று அம்மா கேட்டாள், பிறகு எடுத்தபோது நீயும் கேட்டாய். நான் கேட்கவில்லை. கடலில் விழுந்தவனைப் பிடித்துத் தூக்கும்போது நாங்கள் ஏன் விழுந்தாய் என்று கேட்பதில்லை. ஆனால் அவன் வந்து சேர முதலே ஊருக்குள் கதை வந்து சேர்ந்துவிட்டது. அப்படியிருந்தும் சம்மாட்டி லெனாட் அவனைத் தன் கரைவலைக்கு எடுத்தார், அதை மறக்கக்கூடாது. நீ சின்ன வயதில் பார்த்த அதே தொழில்தான், தோணி வலையை வளைத்து விட்டுவிட்டு இரண்டு தலைக் கயிற்றையும் கரைக்குக் கொண்டுவரும், இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையில் நின்று இழுப்பார்கள். உப்புக் கயிறு உள்ளங்கையை வெடிக்கவைக்கும், எங்கள் எல்லோருடைய இரத்தமும் அந்தக் கயிற்றில் உண்டு. அங்கேதான் நான் போய்க் காரியத்தைக் கெடுத்தேன்.

கிளினிக்கில் அவனுக்குக் கொடுத்த துண்டுப்பிரசுரம் ஒன்று வீட்டில் கிடந்தது. முன்பக்கத்தில் இந்த வருத்தம் எப்படிப் பரவும் என்றும் பின்பக்கத்தில் எப்படிப் பரவாது என்றும் போட்டிருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வந்த புதுசு, யாரைக் கண்டாலும் வாசித்துக் காட்டவேண்டும் என்ற ஆசை. தோணி வரும்வரை எல்லோரும் வாடியில் குந்தியிருந்த நேரம் எழும்பி நின்று, தம்பிமார் கேளுங்கோ, உண்மை என்னெண்டு அச்சடிச்சே கிடக்கு என்று தொடங்கினேன். நான் வாசிக்கும் வேகம் உனக்குத் தெரியாது, நான் ஒரு சொல்லைப் பிடித்து முடிக்க மற்றவர்கள் ஒரு சுருட்டைப் பிடித்து முடிப்பார்கள். இரத்தத்தின் மூலம் என்ற இடத்துக்கு வந்து சேர, கடலில் இருந்து கூப்பிட்டுவிட்டார்கள், கயிறு கரைக்கு வந்துவிட்டது. எல்லோரும் எழும்பி ஓடினார்கள். பின்பக்கமும் கிடக்கடா, பின்பக்கமும் கிடக்கு என்று கடதாசியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பின்னால் கத்தினேன். சோளகக் காற்றில் யாருக்குக் கேட்கும். அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன், கயிற்றில் கோகுலனுக்கு முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு ஆள் நிற்கும் இடம் வெறுமையாகக் கிடந்தது. ஒருவரும் அவனைப் போ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். இடம் விட்டு நிற்பவனோடு என்னவென்று சண்டை பிடிப்பது. கறிக்குக் கொடுக்கும் மீனையும் அவன் கையில் கொடுக்காமல் மணலில் வைத்தார்கள். அடுத்த நாள் பின்பக்கத்தை வாசிக்கப் போனேன். நாகலிங்கமண்ணை, நேற்று நீங்கள் வாசிச்சதே எங்களுக்கு ஒரு வருசத்துக்குக் காணும் என்றார் லெனாட். எல்லோரும் சிரித்தார்கள். கோகுலனோடு ஒன்றாகத் திரிந்து வளர்ந்த லக்சனும் சிரித்தான். அதுக்குப் பிறகுதான் உன் போன் வந்தது.

குளிசை எடுக்க ஆள் வரவில்லை என்று அவனைத் தேடிக்கொண்டு சாவகச்சேரியில் இருந்து கிளினிக்குக்கு உதவிசெய்யும் ஸ்ரெல்லா என்று ஒரு பெண் வந்தாள். அவளுக்கும் இதே வருத்தம்தான், புருசனால் வந்தது. அவன் செத்தபிறகு அவனுடைய ஆட்கள் அவளை வீட்டுக்கு வெளியே போட்டார்களாம், வழக்கு வைத்து வென்று இன்றைக்கும் அதே வீட்டில் இருக்கிறாள். அம்மா கொடுத்த தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, அம்மா, வருத்தக்காரியெண்டு சீனியையும் குறைச்சுப் போட்டியளோ என்று கேட்டாள். கனநாளைக்குப் பிறகு அம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு கோகுலனைப் பிடித்தாள். டேய் தம்பி, ஆரோ கதைச்சதுக்கு நீ ஏன்ரா உன்ரை உடம்புக்குத் தண்டனை குடுக்கிறாய், இப்ப என்ரை கண்ணுக்கு முன்னாலை போடு என்று சொல்லி, போட்டபிறகுதான் கதிரையில் சாய்ந்தாள். குளிசையை ஒழுங்காகப் போட்டுவந்தால் இரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே தெரியாத அளவுக்குக் குறைந்துவிடுமாம், அப்படி இருப்பவரிடமிருந்து ஆண் பெண் உறவால்கூட மற்றவருக்குப் போகாதாம், கலியாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம். ஆணுறை, முன்கூட்டியே போடும் தடுப்புக் குளிசை எல்லாம் அவள் கூச்சமில்லாமல் சொன்னாள். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஒன்றும் விடாமல் கேட்டாள். திருநங்கைகளையும் லொட்ஜுகளில் தொழில் செய்யும் பெண்களையும் ஆணோடு வாழும் ஆண்களையும் ஸ்ரெல்லாதான் கூட்டிப்போய் இரத்தம் பார்க்கவைக்கிறாள். அவையளுக்கு வருத்தத்திலும் பார்க்க அந்த வரிசையிலை நிக்கத்தான் பயம் ஐயா, ஆக்கள் கண்டு கதைப்பினமெண்டு வராமலே இருந்து செத்தவையளை நான் தூக்கியிருக்கிறன் என்றாள். மருந்து அவர்களுக்கு உள்ள உரிமை, ஒருவரும் போடும் பிச்சை இல்லை என்றும் சொன்னாள். நானும் அம்மாவும் அவளோடு போய் இரத்தம் பார்த்துவிட்டோம். இந்த வயதிலோ என்று நேர்ஸ் பிள்ளை சிரித்தாள். எறும்பு கடித்த மாதிரித்தான், நீங்களும் ஒருக்கால் பாருங்கள், அதில் மானம் போக ஒன்றும் இல்லை.

எனக்கு ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. கையில் வெடிப்பு, கயிற்றில் இரத்தம், இது பிரசுரத்தில் இல்லை. ஸ்ரெல்லா அந்த இடத்திலேயே டொக்டருக்குப் போன் எடுத்தாள். உடம்புக்கு வெளியே அந்தக் கிருமி கனநேரம் நிற்காது, கயிறு பிடித்து ஒருவருக்கும் வராது, யாருக்குக் கை வெடித்தாலும் துணி சுற்றிக்கொண்டு இழுக்கட்டும் என்று அவர் சொன்னார். நான் பேனையை எடுத்து பின்பக்கத்தின் அடியில், கயிற்றால் வராது என்று எழுதினேன். சாருஜா ரீச்சர் சொல்லாமல் நானாக எழுதிய முதல் வசனம் அது மகள், எழுதி முடித்து அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நீங்களே வந்து வாசித்துக் காட்டுங்கோ என்று ஸ்ரெல்லாவைக் கேட்டேன். நீங்கள் வாசிச்சுத்தானே அவங்கள் எழும்பிப் போனவங்கள், மிச்சத்தையும் நீங்களே வாசியுங்கோ என்றாள்.

இந்த முறை நான் நேரம் பார்த்துப் போனேன். குந்தியிருப்பவன் எழும்பிப் போவான், கயிற்றைப் பிடித்தவன் போகமாட்டான், விட்டால் வலை தொய்ந்து மீன் போய்விடும். அவர்கள் இழுத்துக்கொண்டு நிற்க நான் கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்று கடதாசியை விரித்தேன். அப்பா வேண்டாம், வீட்டை போங்கோ என்று கோகுலன் தலை நிமிராமல் சொன்னான். ஐயோ அண்ணை, பொழுதுபட்டிடும் என்றார் லெனாட். படட்டும் என்று தொடங்கினேன். என் வாசிப்பின் வேகத்துக்குத் தோதான இடம் உலகத்தில் கரைவலைக் கயிறு ஒன்றுதான், ஒரு சொல்லுக்கு ஒரு இழுவை. சேர்ந்து சாப்பிட்டால், இழுத்தார்கள், வராது, இழுத்தார்கள். ஒரே கிணற்றில் குளித்தால், இழுத்தார்கள், வராது. அம்பா பாடி இழுத்துப் பழகிய வாய்கள் அல்லவா, நுளம்பு கடித்தால் வராது என்று நான் நிறுத்த, பின்னால் ஒருவன் தன்னை அறியாமல் ஏலேலோ என்று விட்டான். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் அடுத்த வரிக்கு இன்னும் இரண்டு பேர் சேர்ந்து சொன்னார்கள். கடைசியாக, கயிற்றால் வராது என்று வாசித்தேன். லக்சன் எட்டிப் பார்த்து, ஐயா, உது பேனையாலையல்லோ எழுதிக் கிடக்கு, உதை ஆர் எழுதினது என்று கேட்டான். டொக்டர் சொன்னது, எழுதினது நான்தான்ரா என்றேன். எழுத்தெண்டால் வடிவாய்த்தான் கிடக்கு என்றான். கயிறு மேலே வரவர, மேட்டில் கடைசியாக நிற்பவன் விட்டுவிட்டுத் தண்ணீர்க் கரைக்குப் போய் மறுபடியும் பிடிப்பதுதானே முறை. லக்சனின் முறை வந்தது. தண்ணீர்ப் பக்கம் கோகுலன்தான் முதல் ஆளாக நின்றான். இவன் போய் இடம் விடாமல் அவனுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தான். தள்ளி நில்லடா, காலை மிதிக்கிறாய் என்று கோகுலன் சொன்னான்.

எல்லாம் சரிவந்துவிட்டது என்று எழுத ஆசைதான். கயிற்றில் கோகுலனுக்குப் பின்னால் உள்ள இடம் இன்றைக்கும் வெறுமையாகத்தான் கிடக்கிறது, மீனை இன்னும் மணலில்தான் வைக்கிறார்கள். எனக்குக் களைப்பாக இருக்கிறது மகள். வலை இழுத்த காலத்தில் வந்த களைப்பு படுத்து எழும்பினால் போய்விடும், இது போகிறதில்லை. ஒவ்வொரு ஆளாகப் பின்பக்கத்தை வாசித்துக் காட்ட எனக்கு இனி எத்தனை காலம் கிடக்கிறதோ தெரியாது. அதனால் வெளி ஆட்களை விட்டுவிட்டு முதலில் உனக்கு எழுதுகிறேன். நீயும் முன்பக்கத்தோடு எழும்பிப் போன பிள்ளைதான். கோகுலன் உன் சின்னவனைத் தூக்கலாம், கொஞ்சலாம், தன் கோப்பையில் இருந்து ஊட்டலாம், ஒரே பாயில் படுக்கவைக்கலாம், ஒன்றும் வராது. நீங்கள் வரும்போது அவன் வாடியில் படுக்கமாட்டான், வீட்டில்தான் இருப்பான். அது அவன் பிறந்த வீடு, நான் உயிரோடு இருக்கும்வரை ஒருவருக்காகவும் அவனை வெளியே அனுப்பமாட்டேன், உனக்காகவும் அனுப்பமாட்டேன். அப்படியென்றால் நீ வராதே என்று எழுத என் கை வரவில்லை. வா மகள். அறை யன்னல் நீலமாக இருக்கிறது, நுளம்பு வலையும் அவன்தான் வாங்கிவந்து கட்டினான்.

மருமகனைக் கேட்டதாகச் சொல்லு. பிள்ளைகளைக் குளிரில் தொப்பியில்லாமல் வெளியே விடாதே. அம்மாளாச்சி உங்கள் நாலு பேரின் தலையிலும் கை வைத்துக் காப்பாள். ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவேண்டாம், என் போனுக்கு எடு, அம்மா அடுப்படியில் நிற்கும் நேரம் பார்த்து எடு. சத்தம் வெளியே விடுகிற அதே போன்தான், முன்பு கேட்டவர்கள் எல்லோருக்கும் இதுவும் கேட்கட்டும். ரெயினாலை கொடிகாமத்திலை இறங்குவம், தம்பியை ஓட்டோவோடை வரச் சொல்லுங்கோ என்று சொல்லு. வேறு ஒன்றும் சொல்லவேண்டாம். அவன் எந்த மூலையில் நின்றாலும் அது கேட்கும்.

என்றும் உன் நினைவோடு,
அப்பா
நாகலிங்கம்
(கையெழுத்து என்னுடையதுதான்)