போல்ட்டைப் பார்த்துச் சொன்ன சொல்

மச்சான்,

இன்று காலை அமீரகத்துப் புஜைராவில், எண்ணெய்த் தொட்டிகளுக்கு நடுவே, புதிதாக வந்த ஸ்பானிய இஞ்சினியர் ஸ்பேனரை நழுவவிட்டு "ஹொதேர்!" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே உன் ஞாபகமும் வந்தது.

கத்தாரின் ராஸ் லஃபானில் நாம் குழாய் பொருத்திய காலம். போல்ட் ஏறும்வரை ஆளாளுக்குத் தன் மொழியில் திட்டிக்கொண்டே இருப்போம்; அது இல்லாமல் நம் கேங்கில் எந்த போல்ட்டும் ஏறியதில்லை. ஒருநாள் விரல் நசுங்கிய நம் ஃபோர்மேன், ஸ்பெயினில் கத்தலான் மொழி பேசும் பகுதிக்காரர், "ஃபோத்ர" என்று ஏதோ உறுமினார். எதிரே நின்றது நீ. உன்னை அசிங்கமாகத் திட்டிவிட்டார் என்று நம் ஆட்கள் கொதித்துப்போய் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அது உறுதியானால் அவரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

நீ மட்டும் நேரே அவரிடமே போய் அர்த்தம் கேட்டாய். கட்டுப் போட்ட விரலோடு, காது சிவக்கச் சொன்னாராம். படுக்கையறைச் செயலைக் குறிக்கும் பழைய லத்தீன் வினை அது. ஸ்பானியத்தின் ஹொதேரும் அவர் மொழியின் ஃபோத்ரவும் அதன் பிள்ளைகள். ஸ்பானியருக்கு அது பெரும்பாலும் எரிச்சல், தொல்லை, கெடுத்துவிடுவது. கத்தலானிலோ போடுவது, எறிவது, அடிப்பது, அள்ளித் தின்பது எல்லாவற்றுக்கும் அதே சொல். "ஒரேயொரு சொல்லை வச்சுச் சீவியம் நடத்துறாங்களடா" என்று வந்து சொன்னாய்.

மேனேஜர் மதுரைக்காரர். "உன்னைத் திட்டுனான்னு ஒரு வார்த்தை சொல்லு, கலாஸ், அவன் கதை முடிஞ்சுது. அந்த ஃபோர்மேன் வேலை உனக்குத்தான்" என்றார். அந்த வேலைக்காக நீ எவ்வளவு ஏங்கினாய் என்பது, ஒரே ரூமில் கிடந்த எனக்குத் தெரியும்.

"அந்தாள் ஆரைப் பாத்துச் சொன்னவர் எண்டு கேளுங்கோ, சேர். என்னைப் பாத்து இல்லை, போல்ட்டைப் பாத்துத்தான் சொன்னவர். என்னைச் சொல்லியிருந்தா நானே விட்டிருக்க மாட்டன்."

பக்கத்தில் நின்ற எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவர் வேலை தப்பியது. நீ ஃபோர்மேன் ஆகாமலே யாழ்ப்பாணம் திரும்பினாய். அங்கே மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது.

இங்கே இப்போது நான் ஃபோர்மேன். இன்று காலை என் ஆட்கள், "அண்ணே, அந்தாளு நம்மளத் திட்டுறாரு" என்று வந்து நின்றார்கள்.

"யாரப் பாத்துச் சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஸ்பேனரப் பாத்துத்தான்" என்றான் ஒருவன். பிறகு சிரித்துக்கொண்டே, "இப்படிக் கேக்க எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?" என்றான்.

"என் ஃபோர்மேன்கிட்ட" என்றேன், மச்சான்.