ஹாக்லியில் இறங்கியவர் ஒருவர்

அக்டோபர் 4, ஞாயிறு

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஹாக்லி ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் நாலு வருஷமாக என் உள்பாவாடைகளைக் காயப்போட்டு வருகிறேன். எந்த ரயிலும் நிற்காத ஸ்டேஷன்தானே, யார் வரப்போகிறார்கள்? இன்றைக்கு வந்தார் ஹாஸ்லம். எங்கள் நீராவி ரயில் சங்கத்தின் தலைவர். கையில் அளவு டேப்.

அறையைப் பெஞ்சோடு பலகை பலகையாகப் பிரித்து, பெரிய ஸ்டேஷனில் டீக்கடையாக நிறுத்தப்போகிறாராம்.

"இது ஸ்டேஷன் இல்ல கிளெண்டா, கோழிக்கூடு."

"அப்ப ஒரு முட்டை போட்டுட்டுப் போங்க தலைவரே."

சிரிக்கவில்லை. அந்த மூஞ்சியில் சிரிப்பு எந்தப் பக்கம் முளைக்கும் என்று எவனுக்கும் தெரியாது. பத்து வருஷமாகச் சம்பளமில்லாமல் கூட்டிப் பெருக்குகிறேன் — ஒரு நன்றி?

"சீசன் முடியறதுக்குள்ள ஒரே ஒரு பயணி இங்க ஏறட்டும், இல்ல இறங்கட்டும். பதிவேட்டுல எழுதிக் காட்டு. அப்புறம் நான் இதைத் தொடவே மாட்டேன்."

உள்பாவாடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சீசன் 25-ஆம் தேதி முடிகிறது. ரயில் ஞாயிறு மட்டும்தான்.

அக்டோபர் 11, ஞாயிறு

டிக்கெட்டோடு நின்றேன். கையை ஆட்டினேன். டிரைவர் நெவிலும் ஆட்டினான். விசில் வேறு. போய்விட்டது.

அக்டோபர் 18, ஞாயிறு

இரண்டு கையையும் ஆட்டினேன். தொப்பியையும். பெட்டி பெட்டியாக ஜனங்கள் திருப்பி ஆட்டினார்கள். கடைசிப் பெட்டியில் ஹாஸ்லம். அந்த ஆளும் ஆட்டினார்!

அக்டோபர் 20, செவ்வாய்

பப்பில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். நெவில் வந்தான். ஈரத் துணியாலேயே ஒன்று வைத்தேன்.

"நிறுத்தினா என்னடா குறைஞ்சுபோவ?"

"நீ ஆட்டினியே! வழியில மாட்டைத் தவிர எல்லாரும்தான் ஆட்டறாங்க. ஆட்டினா விசில். கையை நேரா நீட்டி அசையாம நின்னாத்தான் ஹாக்லியில நிறுத்தணும். அந்தக் காலத்து விதி. இன்னும் யாரும் எடுக்கல."

பத்து வருஷம். ஒருத்தனாவது சொன்னானா? நான் ஒரு கழுதை.

அக்டோபர் 25, ஞாயிறு

காலையில் பெஞ்சுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தேன். கெட்ட எண்ணம்தான். நாளைக்குப் பிரிக்க வருகிறவன் கையெல்லாம் பச்சையாகட்டும்.

சாயங்காலம் கடைசி ரயில். கையை நீட்டினேன். மூக்கு ஒழுகியது. துடைக்கவில்லை.

நின்றது!

ஏறப் போனேன். அதற்குள் ஹாஸ்லம் குதித்து வந்து வழியை மறித்தார். "யாரைக் கேட்டு நிறுத்தின?" என்று என்னிடம் கத்தி முடிப்பதற்குள் நெவில் விசில் ஊதிக் கிளம்பிவிட்டான். நேரம் தவற மாட்டான், நல்ல பையன்.

"நான் இறங்கல. விசாரிக்க வந்தேன்."

"இறங்காமலா பிளாட்பாரத்துல நிக்கறீங்க?"

பதிவேட்டில் எழுதினேன்: இறங்கியவர், ஒருவர். எழுத்து கோணல். ஆனால் படிக்க முடிகிறது.

வீட்டுக்குப் போன் போட்டுக் காரை வரச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆகுமாம். உள்ளே போய் உட்கார்ந்தார்.

அக்டோபர் 26, திங்கள்

பிரிக்க யாரும் வரவில்லை.

பெஞ்சுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும். நடுவில் இரண்டு இடத்தில் வட்டமாகப் போயிருக்கிறது.