நடவுக்காரி தைத்த திரை

மணலூர்பேட்டை அருகிலிருந்து,
மார்கழி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் கண்ணு தனுஷாவுக்கு, அம்மா அம்சவள்ளி எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். நீ சுகமா என்று தினமும் போனில்தான் கேட்கிறேனே. சாப்பிட்டியா என்கிறேன், சாப்பிட்டேன் என்கிறாய். அதற்குமேல் அப்பா பேச்சு வந்துவிடுமோ என்று இரண்டு பேருமே வைத்துவிடுகிறோம். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். ஐந்தாவது படித்தவள் எழுத்து, கோணல்மாணலாக இருக்கும். தையல் நேராக வந்துவிட்டது, எழுத்துதான் இன்னும் வரவில்லை.

ஆமாம் தனுஷா, தையல். சிரிக்காதே.

நீ கடைசியாக வந்திருந்தபோது நடந்ததை நான் மறக்கவில்லை. உள் அறையில் துணி மாற்றிக்கொண்டிருந்தாய். கதவில்லாத வாசல் நிலையில் நான் கயிறு கட்டித் தொங்கவிட்ட பழைய புடவை காற்றுக்கு அவிழ்ந்து விழுந்தது. அந்த நேரம் பார்த்துத் துக்கம் கேட்க வந்தவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நீ ஓசூருக்குத் திரும்ப பஸ் ஏறும்போதுதான், "கதவு போட்டப்புறம் கூப்புடும்மா, வரேன்" என்றாய். தீபாவளிக்கும் வரவில்லை. கதவு போடுகிறேன் என்று சொன்ன மனுஷன், உன் அப்பா, நிலையை மட்டும் நிறுத்திவிட்டு, மாசியில் கரும்பு வெட்டப் போன இடத்தில் மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வயசுப் பெண்ணுக்கு வீட்டில் ஒரு மறைப்பு இல்லையே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா போனதற்காக எனக்கு சர்க்காரில் ஒரு தையல் மெஷின் கொடுத்தார்கள் அல்லவா? கள்ளக்குறிச்சியில் மேடை போட்டுக் கொடுத்து, போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள். அவரைக் கொடுத்து வாங்கின சாமான், எப்படிச் சிரிப்பது? கொண்டுவந்த நாள் முதல் அதன்மேல் முறத்தையும் சொம்பையும்தான் வைத்திருந்தேன். நீ போன பிறகு ஒரு நாள் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, கதவு இல்லாவிட்டால் போகிறது, காற்றுக்கு அவிழாத திரை ஒன்று தைத்துப் போடுவது என்று உட்கார்ந்தேன்.

கடைத்தெரு டெய்லர் தெய்வசிகாமணி அண்ணன் வந்து பெல்ட் மாட்டி, சக்கரம் நம் பக்கமாகச் சுற்றவேண்டும், எதிர்ப்பக்கம் போனால் நூல் அறுந்துவிடும் என்று காட்டிவிட்டுப் போனார். அவர் மிதித்தால் பாட்டுப் போல ஓடுகிறது. நான் மிதித்தால் முரட்டு மாடு மாதிரி பின்வாங்குகிறது. காலைச் சரிசெய்தால் கை கெட்டது. அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கிக்கொள்ளும். ஊசி டக்கென்று ஒடியும். உரச் சாக்கில் தைத்துப் பழகினேன், அதிலும் ஒடிந்தது. ஊசி வாங்கப் போனாலே அண்ணன் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால், "இன்னா அம்சவள்ளி, ஊசிய துன்னுறியா?" என்று கேட்பார். மெஷினை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மறுபடியும் முறத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

நடவுக்குக் கூப்பிட வந்தாள் உன் செந்தமிழ்ச்செல்வி சித்தி. தைத்துக் காட்டு, பார்க்கிறேன் என்று விடாமல் நச்சரித்தாள். தைத்தேன். ஊசி ஒடிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "யக்கா, இது கழனி இல்ல, மெஷினு. துணிய புடிச்சி உம்பக்கமா இழுத்துக்கினே இருக்கியே, பின்னால போயிக்கினே நாத்து நடுறியா?" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. பத்து வயசிலிருந்து குனிந்து பின்னால் பின்னால் போய்ப் பழகின உடம்பு இது. மெஷின் துணியை அந்தப் பக்கம் தள்ளுகிறது, நான் இந்தப் பக்கம் இழுக்கிறேன். நடுவில் மாட்டிய ஊசி என்ன செய்யும்?

மறுநாள் கழனியில் நடும்போது அதே நினைவு. நான் பின்னால் நகர நகர, நட்ட பயிர் என்னை விட்டுத் தள்ளித் தள்ளித்தான் போகிறது. அதை யாராவது பிடித்து இழுப்பார்களா? நட்ட கை அதை விட்டுவிட்டு அடுத்த நாற்றுக்குப் போகிறது. சேற்றில் அப்படியே நின்றுவிட்டேன். "யக்கா, தூங்கிட்டியா?" என்று சித்தி கத்தினாள்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவினதும் மெஷினில் உட்கார்ந்தேன். கயிறு பிடித்து நடுகிற மாதிரி துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டேன். துணியை இழுக்கவில்லை. கையை மேலே லேசாக வைத்து, போவதைப் போகவிட்டேன். போயிற்று தனுஷா! ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் ஒரே வரிசை, ஒரு நாற்று விலகவில்லை. கம்பி நுழைய மேலே மடித்துத் தைத்தேன், கீழேயும் மடித்துத் தைத்தேன். முடித்ததும் என்னை அறியாமல் குலவை போட்டுவிட்டேன்.

சித்தி அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "வருசம் திரும்பாத வூட்ல குலவை போடுறியே, ஊரு இன்னா பேசும்?" என்று வாயைப் பொத்தினாள். "நட்டு முடிச்சா குலவை போடாம கரையேறுவாங்களாடி?" என்றேன். அவள் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அவளே போட்டாள் பார், என்னுடையதைவிடப் பெரிய குலவை! தெரு நாயெல்லாம் குரைத்தது.

டெய்லர் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "இனி என் ஊசி யாவாரம் படுத்துடும்" என்று சொல்லி, கம்பியை அவரே ஆணி அடித்து மாட்டிக் கொடுத்தார்.

எந்தத் துணி என்று கேட்பாய். போன பொங்கலுக்கு அப்பா எனக்கு எடுத்த பச்சைப் புடவை. கட்டிக்கொள்ள மனசு வரவில்லை, பெட்டியில் பூட்டி வைக்கவும் மனசு வரவில்லை. இப்போது அவர் நிறுத்தின நிலையில் தொங்குகிறது. காற்று அடித்தால் நட்ட கழனி மாதிரி அசைகிறது, ஆனால் விழாது. நானே பிடித்துத் தொங்கிப் பார்த்துவிட்டேன்.

இந்த வருசம் நமக்குப் பொங்கல் இல்லை. பண்டிகைக்கு உன்னைக் கூப்பிடவில்லை. லீவு விட்டால் சும்மா வா. உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொள். நான் இந்தப் பக்கம் நின்று குரல் கொடுப்பேன். நீ வா என்றால்தான் உள்ளே வருவேன். வேண்டாம் என்றால் இப்படியே உட்கார்ந்திருப்பேன், நீ உள்ளே இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும்.

கால் இடறாமல், மனசு வாடாமல், மகராசியாக இரு.

நிலை வைத்தவருக்கும் திரை தைத்தவளுக்கும் ஒரே மகள் நீ.

உன் அம்மா,
அம்சவள்ளி