கையில் கொடுக்காத கத்தி

சண்டை போட்டால் முதலில் பேசுகிற என் தாமு அண்ணாவுக்கு,

உன் பட்டறை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மழை வரும்போலிருக்கிறது. வரவில்லை. உள்ளே அண்ணி சாணையில் கத்தி தீட்டுகிறார். அந்தச் சத்தத்தில் ஒரு வரிக்கு மேல் யோசிக்க முடியவில்லை. யோசிக்காமல் எழுதத்தான் இங்கே உட்கார்ந்தேன்.

முதலில் செய்தி. நீ சொல்லிக்கொண்டே இருந்தது நடந்துவிட்டது. நான்கு பட்டறைகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. வெள்ளானூரில் நம்முடையது, வேப்பம்பட்டில் ஏகாம்பரம் அண்ணனுடையது, பூந்தமல்லியில் அண்ணன் தம்பி இருவர் தனித்தனியாக வைத்திருக்கும் இரண்டு. இனி மொத்த வியாபாரிக்குக் கொடுக்காமல் நாங்களே விற்கிறோம். பெயர் 'ஆவடி கத்திக்காரர்கள்'. நீ வைத்த பெயர். இந்த முறை நான் வேறு பெயர் சொல்லவில்லை.

அன்றைக்குச் சொன்னேன். உன் கத்திகளைப் படம் எடுக்க வந்த நாள். 'கைவினைக் கலைஞர்கள்' என்று போடலாம் என்றேன்.

"நான் இன்னா பொம்மையா பண்றேன்? கத்தின்னு எழுது" என்றாய்.

படம் எடுத்து முடித்த மீன் கத்தியை உன்னிடம் நீட்டினேன். "கீழ வை, எடுத்துக்கிறேன்" என்றாய். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் அப்படித்தான். கீழே வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்வார். எம்.ஏ. படித்தவள் வைப்பாளா? உன் உள்ளங்கையை விரித்தேன். பிடியை அதில் வைத்தேன். உன் விரல்களை நானே மடக்கினேன்.

பத்து நிமிடத்தில் சண்டை. உனக்கு என் படிப்பின் மேல் எரிச்சல் என்றேன். உனக்கு என் கைக்கரியின் மேல் வெட்கம் என்றாய். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அதனால்தான் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு பன்னிரண்டு நாள். பிறகு நீ இல்லை. நெஞ்சுவலி. ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள்.

எனக்கு இந்த நம்பிக்கை எல்லாம் கிடையாது. உனக்குத் தெரியும். ஆனாலும் எட்டு மாதமாக வெங்காயம் நறுக்கும்போதுகூட என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம்பாத ஒன்று எப்படி இவ்வளவு தொந்தரவு செய்யும்?

சரி. கடைக்கு வருகிறேன்.

அம்பத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. நான் எழுதிக் கேட்டதில் ஞாயிற்றுக்கிழமை மேசை போட அனுமதி கிடைத்தது. ஏகாம்பரம் அண்ணன் முப்பது கத்திகளைச் சாக்கில் சுற்றி லோக்கல் ரயிலில் கொண்டுவந்தார். வாசலில் காவலாளி சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"பயப்படாத அண்ணாத்தே. கத்திங்கோதான். ஆளை ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றார் இவர்.

காய் கத்தி, மீன் கத்தி, அரிவாள்மனை. மதியத்துக்குள் பாதி மேசை காலி. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐ.டி. வேலையில் இருப்பவர்கள். லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்தது என்றால் நம்பாமல் முகர்ந்து பார்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஏகாம்பரம் அண்ணன் கத்தியைப் பலகையில் வைத்தார். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். கை நீட்டினாள். இவர் கத்தியைப் பலகையில் வைத்தார். காலையிலிருந்து வைத்து வைத்துப் பழகிய கை. காகிதப் பையையும் மேசையிலேயே வைத்தார். மீதிச் சில்லறையையும்.

அவள் நீட்டிய கை அப்படியே நின்றது.

"எங்க ஊரு டீக்கடையில எங்க தாத்தாவுக்கு இப்படித்தான் டம்ளரை வைப்பாங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். கத்தியை எடுக்காமல் போய்விட்டாள்.

ஏகாம்பரம் அண்ணன் அதற்குப் பிறகு ஒரு கத்தியும் விற்கவில்லை. ரயில் நிலையம் வரை வந்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"எங்க அப்பாவும் அப்படித்தான் குடிச்சாரு பாப்பா. அந்தப் பொண்ணு என்னைப் போயி..."

மறுநாள் குடியிருப்பின் செயலாளர் போன் செய்தார். புகார் வந்திருக்கிறது. இன்னும் ஒரு ஞாயிறு பார்ப்போம், மறுபடி ஏதாவது என்றால் வேண்டாம் என்றார்.

அன்று மாலை எல்லோரும் இங்கே கூடினோம். இந்த இடமும் போனால் நாங்கள் பழைய வியாபாரிக்கே கொடுத்துக்கொள்கிறோம் என்றார்கள் பூந்தமல்லிக்காரர்கள். அவர்கள் போனால் மிச்சம் இரண்டு பட்டறை. இரண்டு பேருக்கு எதற்குப் பெயர்?

"கையில குடுத்துட்டுப் போ. ஊருக்கு ஒரு வழக்கமா?" என்றார் பூந்தமல்லி அண்ணன் தம்பியில் மூத்தவர்.

"நீ குடு. நாளைக்கு வாங்குனவங்க கூட நீதான் சண்டை போடணும்" என்றார் ஏகாம்பரம் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவ. நீ சொல்லு. கையில குடுத்தா ஒண்ணும் ஆவாதுல்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆகாது என்று சொன்னால் போதும். ஒரு சொல். அது வரவில்லை.

வேறொன்று வந்தது. அண்ணியிடம் இதுவரை சொல்லாதது. "நான் அண்ணன் கையில குடுத்தேன். அன்னைக்குத்தான் சண்டை வந்துச்சு" என்றேன்.

உலைக்குக் காற்று ஊதும் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி அதை நிறுத்தினார்.

"தெரியும். அன்னைக்கே சொன்னாரு. சிரிச்சிக்கினுதான் சொன்னாரு" என்றார். பிறகு, "நாலாவது நாளு உனக்குப் போன் பண்ணாரே. எடுத்தியா?"

நான் நூலகத்தில் இருந்தேன் அண்ணா. திரையில் உன் பெயர் தெரிந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். இன்னும் இரண்டு நாள் கெஞ்சட்டும் என்று நினைத்தேன்.

"இல்ல" என்றேன்.

"அப்போ கத்தி மேல ஏன் போடற?"

திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. காற்றாடியை மறுபடி போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். எட்டு மாதமாக நான் ஒளிந்திருந்த இடம் எதுவென்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்த வாரம் ஒரு சின்ன அட்டை எழுதினேன். கலை இல்லை, கைவினை இல்லை. 'கத்தியைக் கையில் தர மாட்டோம். உங்களோடு சண்டை வேண்டாம். பலகையில் வைக்கிறோம், எடுத்துக்கொள்ளுங்கள்.' அண்ணி ஒருமுறை படித்தார். "அவரு எழுதுன மாதிரி கீது" என்றார். அதையே மேசையில் நிறுத்தினோம்.

நேற்று ஞாயிறு. அந்தப் பெண் வருவாளா என்று வாசலையே பார்த்திருந்தேன். வந்தாள். கொஞ்சம் தள்ளி நின்று அட்டையைப் படித்தாள். ஏகாம்பரம் அண்ணன் எழுந்து நின்றார்.

"பையையும் சில்லறையையும் வெச்சேன் பாரும்மா, அது என் தப்பு. கை பழகிடுச்சு. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத."

பலகையில் கத்தியை வைத்தார். காகிதப் பையை இரண்டு கையாலும் நீட்டினார். அவள் கொஞ்ச நேரம் அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"இதால சண்டை வராதா?"

"பையால வராதும்மா."

வாங்கிக்கொண்டாள். கத்தியை அவளே எடுத்து உள்ளே போட்டுக்கொண்டாள். சிரிக்கவில்லை. ஆனால் விரல் காட்டி இன்னொரு கத்தியின் விலை கேட்டாள். கிளம்பும்போது செயலாளர் அடுத்த வாரமும் வாருங்கள் என்றார். பூந்தமல்லிக்காரர்கள் போவதைப் பற்றிப் பேசவில்லை. தங்குவதைப் பற்றியும் பேசவில்லை.

எனக்குத்தான் இன்னும் நிலைகொள்ளவில்லை. கத்தி மேல் போட்டிருந்தவரை ஒரு பதில் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. நான்காவது நாள் எடுத்திருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்? எதுவும் சொல்லியிருக்க மாட்டாய். "சாப்ட்டியா" என்று கேட்டிருப்பாய்.

இன்று காலை அண்ணியோடு ஒரு சண்டை. அட்டையைப் பெரிதாக எழுதுவதா, சின்னதாகவே விடுவதா என்று. கோபத்தில் பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டேன். அங்கே நின்று போன் செய்தேன்.

"இன்னா?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லாததுக்கா போன் பண்ண? திரும்பி வா, சோறு ஆறுது."

அப்படித் திரும்பி வந்துதான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த சண்டையிலும் செய்வேன் அண்ணா. யாரோடு என்றாலும், அன்றைக்கே. முதலில் பேசுவது இனி என் வேலை.

உன் போனை எடுக்காத,
உன் தங்கச்சி
குமுதா