களத்தில் சொல்லாத சொல்

4 மார்ச் 1986

சீனிமுகம்மதாகிய நான் முழுப் புத்தியோடு உறுதி கூறுவதாவது: இந்தக் கொப்பியில் எழுதப்போகும் கதையை உலகில் ஒருவரும் நம்பப்போவதில்லை. சுறாவை இடுப்புச் சாரத்தால் கட்டிக் கரைக்கு இழுத்த கதையை வாய் பிளந்து கேட்ட என் மருமக்களும் நம்பமாட்டார்கள். மைமூனா, என் மனைவி, எதையுமே நம்புவதில்லை. அவளைக் கணக்கில் எடுக்கவில்லை.

நாவிதன்வெளி வயலில் நெற்கதிரைப் பரப்பி எருமை விட்டுச் சூடு மிதிக்கிறோம். குவிந்த பொலி யானை உயரம். (மைமூனா பார்த்தால் ஆட்டுக்குட்டி உயரம் என்பாள்.) வயலைச் செய்பவன் இளையதம்பி; என்னை அண்ணன் முறையில் காக்கா என்பான். நெற்குவியலுக்குப் பக்கத்தில் 'இல்லை' என்ற சொல் வரக்கூடாது, வந்தால் பொலி குறைந்துவிடும் என்பது களத்து வழக்கம். முஸ்லிம்களாகிய நாங்களும் பார்ப்போம், தமிழாட்களும் பார்ப்பார்கள். இளையதம்பி மற்ற எல்லாரையும்விடக் கண்டிப்பு. குடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லாவிட்டாலும் "நிறைஞ்சிரிக்கி" என்பான். கேட்டவன்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போகவேண்டும்.

இன்று சும்மா இருக்க முடியாமல், உனக்கு மூளையில் கோளாறு இருக்கிறதா என்று கேட்டேன்.

"நிறைஞ்சிரிக்கி காக்கா," என்றான்.

களமே சிரித்தது.

6 மார்ச்

இளையதம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள்.

7 மார்ச்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

நேற்றுப் பகல் படை முகாம்காரர்கள் ஜீப்பில் வந்து, துவக்கை நீட்டிக்கொண்டு களத்தைச் சுற்றி நின்றார்கள். தமிழ் தெரிந்த ஒருவன் இளையதம்பியிடம், இயக்கப் பொடியன்களுக்குத் துவக்கு ஒளித்து வைத்திருக்கிறாயா என்று கேட்டான். இளையதம்பி பொலியோடு ஒட்டி நின்றான்.

"நிறைஞ்சிரிக்கி," என்றான்.

முப்பது வருஷப் பழக்கம். வாய் அதுவாகப் போய்விட்டது. சொன்ன பிறகுதான் அவன் முகம் மாறியது. திருத்திச் சொல்ல வாயெடுத்தான் — துவக்குப் பிடியால் காதோடு அடி. வைக்கோலையெல்லாம் குத்திக் கிளறினார்கள். அரிவாள் அகப்பட்டது. அதுவும் எங்கள் அரிவாள்தான்.

என் அடையாள அட்டையில் முஸ்லிம் பெயரைப் பார்த்துவிட்டு என்னைப் போகச் சொன்னார்கள். போனேன். சுறாவை இழுத்தவன், காட்டுப் புலியைத் திட்டித் துரத்தியவன் — ஒரு சொல் சொல்லாமல் போனேன்.

10 மார்ச்

பிரஜைகள் குழுவை நடத்தும் ஷரிபுதீன் மாஸ்டரிடம் போனேன். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி நீதவானிடம் காட்டாமலே பதினெட்டு மாதம் வைத்திருக்கலாமாம். இளையதம்பி எந்த இடத்தில் இருக்கிறான் என்றுகூட அவன் மனைவி அன்னப்பிள்ளைக்குச் சொல்லவில்லை. முகாமுக்குப் போய்க் கேட்கவேண்டும், பார்த்த சாட்சி வேண்டும் என்றார் மாஸ்டர்.

நான்தான் சாட்சி என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஊருல வேற ஆள் ஒருத்தரும் கிடைக்கலயா மச்சான்?"

11 மார்ச்

மைமூனா சோறு போட்டுவிட்டுக் கதைத்தாள். போன வருஷம் நமக்கும் தமிழாட்களுக்கும் நடந்த கலவரத்தில் எரித்த கடைகள் இன்னும் கறுப்பாகவே கிடக்கின்றன. தமிழாட்களுக்காக முகாமுக்குப் போனால் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள். முகாமுக்குள் போய்வருகிறவனைப் பொடியன்கள் என்ன நினைப்பார்கள். எல்லாம் சரி.

"நாளைக்கு உங்களப் புடிச்சிட்டுப் போனா ஆரு வருவா கேக்க?" என்றாள். கேட்டுவிட்டு, போட்ட சோற்றின் மேலேயே இன்னொரு அகப்பை போட்டாள்.

பின்னேரம் அன்னப்பிள்ளை வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நீங்க சொல்லாத பொய்யில்ல காக்கா. இந்த ஒரு உண்மையச் சொல்லித் தாங்க."

14 மார்ச்

வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு முகாமுக்குப் போனோம். கூட வருவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேருக்குத் திடீர்க் காய்ச்சல். வாசலில் வெயிலில் நிறுத்தி வைத்து, கடைசியில் மாஸ்டரையும் என்னையும் உள்ளே விட்டார்கள்.

நடந்ததைச் சொன்னேன். நடந்ததை மட்டும். நாக்கு இடையிடையே எழும்பப் பார்த்தது; அடக்கினேன். மொழிபெயர்த்துக் கேட்ட அதிகாரி, இதைவிட நல்ல பொய் கிடைக்கவில்லையா என்று சிரித்தார். வாழ்நாளில் என் கதையை இப்படி ஒருவரும் இழிவாகப் பேசியதில்லை.

மாஸ்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார்: ஒரு சொல்லுக்காக ஒரு மனிதனை அடைக்க முடியாது, அவன் இருக்கும் இடத்தைப் பெண்சாதிக்குச் சொல்லவேண்டும், சொல்லும்வரை ஒவ்வொரு வெள்ளியும் வருவோம்.

கதவடியில் நின்ற நரைத்த சார்ஜன்ட் உடைந்த தமிழில் என்னிடம் ஒன்று கேட்டார். களத்தில் எருமையை எப்படிக் கூப்பிடுவீர்கள்?

"வாரிக்காலன்," என்றேன். எருமை என்று சொல்லமாட்டோம்.

அவர் அதிகாரியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். தன் தகப்பனின் களத்திலும் எருமைக்கு வேறு பெயர்தான், 'இல்லை' என்ற சொல் அங்கும் ஆகாது என்றாராம். வெளியே வந்தபின் மாஸ்டர் சொன்னார். அதிகாரி சிரிப்பதை நிறுத்தினார். இளையதம்பியை விடவில்லை. ஆனால் அவன் அங்கேதான் இருக்கிறான் என்று ஒத்துக்கொண்டார்.

உயிரோடு இருக்கிறான்.

21 மார்ச்

போனோம். வாசலோடு திருப்பிவிட்டார்கள்.

28 மார்ச்

போனோம். காய்ச்சல்காரர்களில் சிலர் குணமாகி வந்திருந்தார்கள். தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்தும் ஆட்கள். வெயிலில் யாரோ என் தலைக்குக் குடை பிடித்தார்கள். திரும்பினால் மைமூனா.



9 ஏப்ரல்

விட்டார்கள். இளையதம்பிக்கு இடது காது கேட்கவில்லை. அன்னப்பிள்ளை கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுகிறான்.

30 ஆகஸ்ட்

நெடுநாளாக எழுதவில்லை. கதை மட்டும் தேநீர்க் கடையில் வளர்ந்து போயிற்று. ஆயிரம் பேரோடு முகாமை வளைத்தேன். அதிகாரி எழும்பி, நான் உட்காரத் தன் கதிரையைத் தந்தார். வாரிக்காலன் என்று நான் சொன்னதும் வெளியே மேய்ந்த எருமையெல்லாம் அழுதன. மருமகள் நதீரா, இதில் எதாவது மெய்யா மாமா என்று கேட்டாள். காலை களத்துக்குப் போகும் அவசரத்தில் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லிவைக்கிறேன்.

இன்று சிறுபோக அறுவடையின் சூடு. இளையதம்பியின் வலப்பக்கமாகப் போய், பழக்கத்தில், தண்ணி இருக்கா என்று கேட்டேன். பொலியோடு ஒட்டி நின்றான்.

"இல்ல," என்றான். உரத்து. எல்லாருக்கும் கேட்க.

களம் அப்படியே நின்றுவிட்டது. அவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு தானே வாய்க்காலுக்குப் போனான்.

ஆயிரம் பேர், கதிரை, அழுத எருமைகள் எல்லாம் என் புளுகுதான், நதீரா. இது மட்டும் மெய்.