நீக்கிய பிறகும் போக முடியாதவர்

அம்மாவுக்கு பூபதிராஜா வணங்கி எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். மலையில் சித்திரபுரத்துக்கு மேலும் கீழும் மண் சரிந்து, எங்கள் பஸ் நடுவில் மாட்டிக்கொண்டது. பயப்பட வேண்டாம், சாப்பாடு கிடைக்கிறது. போன்தான் செத்துவிட்டது.

நான் ஓட்டிவந்தது, இங்கே பயிற்சிக்கு வந்த ஒரு தீவு நாட்டின் கால்பந்து அணியை. மானேஜர் ஹிரோகி சார் ஜப்பான்காரர். ஜப்பான் அணிக்கு ஆடி, முழங்கால் போனபின் கோச்சாகி, ஊர் ஊராக அலைந்து இந்த வேலைக்கு வந்தவர். போன் சாகும்முன் கடைசியாக வந்த அழைப்பில் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்தக் காலோடு நடந்து மலையிறங்கவும் முடியாது. பையன்கள் அவர் முகத்தைப் பார்க்காமலே சாப்பிடுகிறார்கள்.

இன்று காலை அவர் பெட்டியோடு பஸ்ஸில் ஏறி, "வண்டியை எடு" என்றார்.

"எங்கீங்க சார் போறது? ரோடே இல்லீங்களே!"

"தெரியும். ஆடின காலத்தில் கோச் என்னை ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்தால் மைதானத்தை விட்டுப் போய்விடுவேன். இப்போது போகவும் முடியவில்லை."

எஞ்சினை மட்டும் ஓடவிட்டேன். கோல்கீப்பர் பையன் ஏறிவந்து, "பிராக்டீஸ் உண்டா சார்?" என்று கேட்டான்.

"நான் மானேஜர் இல்லை."

"வேறு யாரும் வரவில்லையே சார்."

அவர் அவனோடு மழையில் இறங்கிப் போனார். பெட்டி ஸீட்டிலேயே இருந்தது. நான் வாளையார் செக்போஸ்ட்டுக்கு ஓட்டுவதுபோல ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இங்கே வேலைக்கு வந்திருந்த நம்மூர் கரண்டாபீஸ்காரர், இந்தக் கடிதத்தோடு நடந்தே மலையிறங்கி வருகிறார். பஸ்ஸை விட்டு நான் வர முடியாது. அவர் திரும்பும்போது ஒரு கம்பளியும், உங்கள் கையால் இரண்டு வரியும் கொடுத்தனுப்புங்கள். அவர் கிளம்பக் காத்து நிற்கிறார், அம்மா; இதோடு முடிக்கிறேன்.

பூபதி