பதில் வந்த பின் வாங்குவேன்

சேசு மரி சூசை துணை

பேகம்பூர், திண்டுக்கல்
4.3.1997

என் அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய கணவர் அவர்களுக்கு,

வியாகுலம்மாள் எழுதிக்கொள்வது. நானும் குழந்தை லிடியாவும் நலம். மஸ்கட்டில் தண்ணீர் லாரியோடு வெயிலில் அலையும் தங்கள் நலனுக்காக நாள்தோறும் செபிக்கிறோம். லிடியா தங்கள் புகைப்படத்தைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று, "இதுதான் எங்கப்பா. டிசம்பர்ல வந்துருவாரு. அப்புறம் போகவே மாட்டாரு" என்று எல்லாருக்கும் காட்டியிருக்கிறாள்.

மற்றொரு செய்தி. சென்ற வாரம், கழுத்தில் டை கட்டிய இளைஞர் ஒருவர் வந்தார். நான் வாசற்படியில் நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்தேன். "வணக்கங்க டீச்சரம்மா! இந்தத் தெருவுலயே இத வாசிக்கிற தகுதி உங்களுக்குத்தான் இருக்கு" என்று ஏழு தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியத்தை விரித்தார். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, நூலகத்தில் தானே முட்டி மோதிக் கற்றவள் நான் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் அவர் அவ்வாறு எண்ணியதில் பெரும் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மாதம் முந்நூறு ரூபாய், ஏழு தவணை. கையொப்பமிட்டேன். மறுநாள் வந்த வேறொருவரிடம், மணிக்கொரு முறை இசைக்கும் சுவர்க் கடிகாரம் ஒன்றும் பெற்றேன். விலை அறுநூற்று நாற்பது. குறைத்துக் கேட்கவில்லை. பேரம் பேசுவது படித்தவர்களுக்கு அழகன்று.

ஆகையால் இம்மாதம் வங்கியில் செலுத்தியது சற்றுக் குறைவு. தாங்கள் கவலைகொள்ள வேண்டா.

தங்கள் அன்பு மனைவி,
வியாகுலம்மாள்


மஸ்கட்
19.3.97

அன்புள்ள வியாகுலத்துக்கு,

பவுல்ராஜ் எழுதுறது. ஒன் லெட்டர ரூம்ல வாசிச்சுக் காட்டுனேன். "என்னய்யா, ஒம் பொண்டாட்டி கலெக்டர் ஆபீஸ்லயா இருக்கு?"ங்கறானுக. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

ஆனா புள்ள, கணக்கு ஒதைக்குதே. வடமதுரை சுருளிவேலு அவரு டெம்போவுக்குத் தொண்ணூறாயிரம் சொல்லிருக்காரு. டிசம்பர் தாண்டுனா வேற ஆளுக்குக் குடுத்துருவாரு. பேங்க்ல அம்பத்தெட்டுதான் கெடக்கு. டெம்போ இருந்தா ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏத்திப் பொழச்சுக்கிறலாம். இல்லேன்னா இங்கதான். கம்பெனில நவம்பர் ஒண்ணாந் தேதிக்குள்ள கேப்பாங்க. கையெழுத்துப் போட்டா இன்னும் ரெண்டு வருசம்.

மணி பாட்டுப் பாடாட்டி என்ன புள்ள? செத்த யோசிச்சுக்க. கோவிச்சுக்காத.

பவுல்ராஜ்


திண்டுக்கல்
2.4.1997

மதிப்பிற்குரிய கணவர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கருத்து அறிந்தேன்.

நான் ஆடம்பரக்காரி அல்லள். இரண்டாண்டுகளாக எனக்கென ஒரு புடவையும் எடுத்ததில்லை. வாங்கியவை யாவும் அறிவுக்கும் காலத்துக்கும் உரியவை. இதனைத் தங்கள் அறையிலுள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டலாம்.

பொருட்காட்சியில் வாங்கிய பீங்கான் தேநீர்க் கோப்பைகளைப் பற்றி எழுத இருந்தேன். இப்போது எழுதவில்லை.

இப்படிக்கு,
வியாகுலம்மாள்


திண்டுக்கல்
24.4.1997

என் அன்பிற்குரியவருக்கு,

தங்கள் பதில் வருமுன்பே மீண்டும் எழுதுகிறேன். முந்தைய கடிதத்தைத் தாங்கள் கிழித்தெறிந்தால் மகிழ்வேன்.

நேற்று ஒருவர் குப்பையை உறிஞ்சும் இயந்திரத்தோடு வந்தார். விலை மூவாயிரத்து நானூறு. "டீச்சரம்மா வீட்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார். நான் முன்பணம் எடுக்க உள்ளே திரும்பினேன். அடுத்த வீட்டு ரம்ஜான் பீவி, முறத்தில் அரிசி புடைத்தபடியே கேட்டாள்:

"ஏத்தா, ஒங்க வீட்ல கம்பளம் கெடக்கா?"

"இல்லை" என்றேன்.

"சிமெண்டுத் தரைக்கு வெளக்கமாறு பத்தாதா? அவன் டீச்சரம்மாங்கறான், நீ பெட்டியத் தெறக்குற. அம்புட்டுத்தேன் ஒன் வெல! இன்னையிலருந்து நானும் அப்படியே கூப்புடுறேன். டீச்சரம்மா, ஒரு கிலோ கறிக்குக் காசு குடுங்க!"

தெருவே சிரித்தது. அந்த விற்பனையாளரும் சிரித்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்துக் கலைக்களஞ்சியத்தை எடுத்துப் பார்த்தேன். ஏழில் ஐந்து தொகுதிகளின் கண்ணாடித்தாள் உறைகூடப் பிரியவில்லை. நான் வாங்கியது புத்தகங்களை அல்ல. பள்ளி எனக்குத் தராமல் விட்ட மரியாதையைத்தான், கேட்ட விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குத் தாங்கள் அங்கே வெயிலில் லாரி ஓட்டுகிறீர்கள்.

ஆகவே ஒரு விதி வகுத்துள்ளேன். அரிசி, பருப்பு, மருந்து, பள்ளிக் கட்டணம் நீங்கலாக, ஐம்பது ரூபாய்க்கு மேற்பட்ட எதை வாங்க விரும்பினாலும் முதலில் தங்களுக்கு எழுதுவேன். பதில் வந்த பின்பே வாங்குவேன். இது அனுமதி கோருவதன்று. என் கடிதம் அங்கு வந்து தங்கள் பதில் இங்கு சேர மூன்று வாரங்களுக்கு மேலாகிறது. என் ஆசைக்கு அத்தனை ஆயுள் உண்டா என்று அறிய விரும்புகிறேன்.

முதல் விண்ணப்பம்: நான்கு அடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். இருநூற்றுப் பத்து ரூபாய்.

தங்கள் அன்பு மனைவி,
வியாகுலம்மாள்


மஸ்கட்
8.5.97

அன்புள்ள வியாகுலத்துக்கு,

அந்தக் கோவக்கார லெட்டரக் கிழிக்கல. பெட்டிக்குள்ள வச்சிருக்கேன். இதையும் சேத்து வச்சுட்டேன். இத ரூம்ல வாசிக்கல.

டிபன் கேரியர் வாங்கிக்க. நல்ல சாமான்தான். நீ கேட்டு நான் வேணாம்னு சொல்றதுக்கு எனக்குத் தெம்பு கெடையாது, அத மொதல்லயே சொல்லிப்புட்டேன்.

நீ கேக்குறப்ப நானும் கேக்கணும்ல? அண்ணன் மகனுக்கு ஒரு டேப்ரிக்கார்டர், சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் போர்வை ஆறு, செண்டு பாட்டிலு ஒரு டஜன். வெள்ளிக்கெழம கடைத்தெருவுக்குப் போனா கை சும்மா இருக்க மாட்டேங்குது. வெளிநாட்டுலருந்து வாரவன் வெறுங்கையோட எறங்க முடியுமா? என்ன சொல்ற?

பவுல்ராஜ்


திண்டுக்கல்
27.5.1997

என் அன்பிற்குரியவருக்கு,

தங்கள் இசைவுக்கு நன்றி. ஆனால் டிபன் கேரியர் வேண்டாம். அதில் யாருக்கு உணவு எடுத்துச் செல்வேன் என்று மூன்று வாரங்கள் யோசித்தேன். ஒரு பெயரும் கிடைக்கவில்லை. இடையில் ஒரு சலவைப் பெட்டியும் ஒரு குடையும் மனத்தில் தோன்றி, உறை ஒட்டப்படும் முன்பே மறைந்துவிட்டன. குடைக்காக எழுதிய தாளின் பின்புறத்தில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தங்கள் விண்ணப்பங்களைப் பரிசீலித்தேன். திண்டுக்கல் வெயிலில் போர்வை போர்த்துவோர் எவர்? மறுக்கப்படுகிறது. செண்டு, மறுக்கப்படுகிறது. டேப்ரிக்கார்டரைப் பற்றித் தாங்களே மூன்று வாரம் சிந்திக்கவும்.

ரம்ஜான் பீவி நலம் விசாரித்தாள். இன்னும் "டீச்சரம்மா" என்றுதான் அழைக்கிறாள். இப்போது எனக்கும் சிரிப்பு வருகிறது.

தங்கள்,
வியாகுலம்மாள்


திண்டுக்கல்
4.10.1997

என் அன்பிற்குரியவருக்கு,

மே முதல் ஒரு மாதமும் தவறவில்லை. நவம்பர் முடிவில் வங்கியில் எண்பதாயிரம் இருக்கும்.

சென்ற சனிக்கிழமை, ரம்ஜான் பீவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வடமதுரை சென்றேன். சுருளிவேல் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க டீச்சரம்மா, ஒக்காருங்க. படிச்சவுககிட்ட நான் ரெண்டு வெல சொல்ல மாட்டேன். தொண்ணூறு."

ஏட்டுத் தமிழை வீட்டில் விட்டுவிட்டுப் பேசினேன்:

"நான் டீச்சர் இல்லண்ணே. அஞ்சாப்புதான். எண்பது சொல்லுங்க."

"எண்பதா! பழைய இரும்பாக் கேக்குறீக தாயி?"

ரம்ஜான் பீவி சக்கரத்தைக் காலால் தட்டினாள். "இரும்பு இருந்தாத்தானே அண்ணே, டயரு மொட்டத் தலையா இருக்கு!"

ஒரு மணி நேரம் பேசினோம். இரண்டு முறை எழுந்து வாசல்வரை வந்தோம். இரண்டு முறையும் அழைத்தார். எண்பத்தைந்தாயிரம், ஒரே தவணையில், டிசம்பருக்குள் என்று விலை முடிந்தது.

இன்னும் ஐயாயிரம் குறைகிறது. எவ்வழியும் தெரியவில்லை. வட்டிக்கு வாங்க எனக்கு மனமில்லை. தாங்கள் கையொப்பமிட நேர்ந்தால் தாங்கிக்கொள்வேன். லிடியாவிடம் சொல்வதற்குத்தான் வார்த்தை கிடைக்கவில்லை. தங்கள் பதில் வந்த பின்பே சுருளிவேலுக்கு முடிவு சொல்வேன்.

தங்கள்,
வியாகுலம்மாள்


மஸ்கட்
20.10.97

என் வியாகுலத்துக்கு,

ஒன் லெட்டர் நேத்து வந்துச்சு. நீ வடமதுரையில வெல பேசுனத வாசிச்சுட்டு லாரிய ஓரமா நிப்பாட்டி இன்னொருக்கா வாசிச்சேன்.

ஒண்ணு சொல்லணும். மே மாசம் ஒங்கிட்ட டேப்ரிக்கார்டர் கேட்டேன்ல, அப்பவே அத வாங்கிட்டேன். போர்வையும் வாங்கிட்டேன். செண்டு, டார்ச் லைட்டு, சீலைத்துணி, எல்லாம் ரெண்டு வருசமா வாங்கி மூணு அட்டப்பெட்டியில கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. ஒனக்குப் புத்தி சொன்னவன் அதுக்கு மேலதான் படுத்துத் தூங்கிருக்கேன். நீ மறுத்து எழுதுனப்ப எந்த மொகத்த வச்சுக்கிட்டு ஒங்கிட்டச் சொல்லன்னு தெரியல. அன்னையிலருந்து கடைத்தெருப் பக்கம் போகல, அது சத்தியம்.

ரூம்ல ஆண்டனிராஜ் அடுத்த வாரம் லீவுக்குப் போறான். மூணு பெட்டியையும் அவன்ட்டயே தள்ளிவிட்டேன். ஒன்ன மாதிரியே ரெண்டு தடவ வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தேன். நம்ம காசுக்கு ஆறாயிரம் தேறுச்சு. இன்னைக்கு டிராப்ட் எடுத்து இதோட வச்சிருக்கேன். சுருளிவேலுட்ட முடிச்சுரு.

காலைல மேனேஜர் அந்த ரெண்டு வருசத்துப் பேப்பரையும் பேனாவையும் நீட்டுனாரு. ஒங்கிட்டக் கேட்டு எழுதி, பதில் வந்த பெறகு சொல்றேன்னுதான் வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. வேணாம்னு பேப்பரத் திருப்பிக் குடுத்துட்டேன்.

டிசம்பர் பதினாலாந் தேதி காலைல திண்டுக்கல் ஸ்டேஷன்ல எறங்குறேன். கையில ஒரு பைதான் இருக்கும். பெட்டி எங்கன்னு ஊரு கேக்கும், சொந்தக்காரங்க மொகத்தத் திருப்புவாங்க, எனக்குக் கூச்சமாத்தான் இருக்கும். நீயும் லிடியாவும் வந்துருங்க. கூலியாளு வேணாம், ஆட்டோ வேணாம். மூணு பேருமா நடந்தே வீட்டுக்குப் போவோம்.

பவுல்ராஜ்